கடலூரில் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது? ஊர்ப்பெயர்களைப் பிடித்துக்கொண்டு ஊரைச் சுற்றுதல்

கெடிலக்கரையாள்:

அனைவருக்கும் வணக்கம். நான் மஞ்சக்குப்பத்தில் பிறந்து, திருமணத்துக்குப் பிறகும் இதே ஊரில் இருப்பவள். ஏழாம் வகுப்பு முடித்திருக்கும் என் மகளிடம், கோடை விடுமுறை முடிவதற்குள் சொந்த ஊரைப் பற்றி ஒரு நோட்டுப் புத்தகம் நிறைய எழுதி வர வேண்டும் என்று பள்ளியில் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். புனித டேவிட் கோட்டையைக் காட்டலாம் என்று சென்ற ஞாயிற்றுக்கிழமை அவளைத் தேவனாம்பட்டினத்துக்கு அழைத்துச் சென்றேன். வெள்ளிக் கடற்கரையில் சுண்டல் வாங்கித் தின்றுவிட்டு, ஆற்றங்கரைப் பக்கமாக நடந்தோம். முட்செடிகளுக்கு நடுவே செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும் சேர்ந்து இறுகிப்போன சில சிதைவுகள்தாம் கண்ணில் பட்டன. அவள் ஒரு செங்கல்லைத் தடவிப் பார்த்து, நம் வீட்டுச் செங்கல்லைவிட இது ஒல்லியாக இருக்கிறது என்றாள். சற்று நேரம் கழித்து, "அம்மா, கோட்டை எங்கே?" என்று கேட்டாள். என்னிடம் பதில் இல்லை.

செஞ்சிக்குப் போனால் மலைமேல் மதில் நிற்கிறது. புதுச்சேரியில் வீதிக்கு வீதி பழைய வீடுகளைப் பார்த்துக்கொண்டே நடக்கலாம். முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாக எல்லாப் படைகளும் வந்து போன நம் ஊரில், ஒரு குழந்தைக்கு எதைக் காட்டி வரலாற்றைச் சொல்வது? ஊரை நன்கு அறிந்தவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

ஓய்வுபெற்ற நில அளவர்:

அம்மா, உங்கள் மகள் கேட்டது நியாயமான கேள்வி. கோட்டையைக் கட்டடமாகத் தேடினால் கிடைக்காது. 1758ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் லாலி தலைமையில் வந்த பிரெஞ்சுப் படை அதைப் பிடித்து, மதில்களை இடித்துத் தள்ளிவிட்டது. அதற்கு முன் அந்தக் கோட்டைக்கு இருந்த மதிப்பு சிறிதன்று. 1746இல் சென்னையைப் பிரெஞ்சுக்காரர்கள் கைப்பற்றியபோது, தென்னிந்தியாவில் ஆங்கிலக் கம்பெனிக்குத் தலைமையிடமாக ஆனது தேவனாம்பட்டினத்துக் கோட்டைதான். 1752 வரை அந்த நிலை நீடித்தது. சென்னையிலிருந்து தப்பி இங்கே வந்து சேர்ந்த எழுத்தர்களில் ராபர்ட் கிளைவும் ஒருவர். பத்து ஆண்டுகள் கழித்து, 1756இல், அவரே இந்தக் கோட்டைக்கு ஆளுநராக வந்தார். கல்கத்தா விழுந்த செய்தி கிடைத்ததும் இங்கிருந்து சென்னைக்கு அழைக்கப்பட்டு, அங்கிருந்து வங்கத்துக்குப் புறப்பட்டார். அடுத்த ஆண்டு பிளாசியில் நடந்ததை உங்கள் மகள் பாடப் புத்தகத்திலேயே படித்துக்கொள்வாள்.

ஆயினும் நான் சொல்ல வந்தது இதுவன்று. 1690இல் ஆங்கிலேயர்கள் இந்தக் கோட்டையை மராட்டியரிடமிருந்து விலைக்கு வாங்கினார்கள். அப்போது செஞ்சியில் இருந்தவர் சிவாஜியின் மகன் இராஜாராம். சென்னையில் ஆளுநராக இருந்தவர் எலிஹு யேல். கோட்டையோடு எவ்வளவு நிலம் சேரும் என்பதற்கு அவர்கள் வைத்துக்கொண்ட அளவுகோல்தான் விந்தையானது. கோட்டையிலிருந்து நாற்புறமும் பீரங்கியால் சுட வேண்டும். குண்டு எவ்வளவு தொலைவில் போய் விழுகிறதோ அவ்வளவு தொலைவுக்குள் இருக்கும் நிலமும் ஊர்களும் கம்பெனிக்கு. அந்த வேலைக்கென்றே சென்னையிலிருந்து நல்ல பித்தளைப் பீரங்கி ஒன்றை அனுப்பினார்கள். மருந்தை எப்படிக் கெட்டித்துச் சுட்டால் நமக்கு ஆதாயம் என்பது பீரங்கிக்காரனின் கைத்திறன் என்று எழுதியும் விட்டார்கள். அப்படி எல்லைக்குள் வந்த ஊர்களுக்குக் 'குண்டு கிராமங்கள்' என்றே பெயர் வந்தது.

முப்பது ஆண்டுகளுக்கு மேலாகப் புலப்படத்தையும் சங்கிலியையும் தூக்கிக்கொண்டு இந்தப் பக்கத்து வரப்புகளில் நடந்தவன் நான். நிலத்தை அளப்பதற்குக் கோல், கயிறு, சங்கிலி என்று எத்தனையோ கருவிகள் உண்டு; பீரங்கியால் அளந்த ஊர் நம்முடையது. அந்த அளவின் பெயர் இன்றும் நம் வாயில் இருக்கிறது. செம்மண்டலத்தை ஒட்டிய குண்டு சாலையில் நீங்கள் பலமுறை போயிருப்பீர்கள். வடக்கே குண்டு உப்பலவாடி இருக்கிறது. கோட்டை போய்விட்டது, குண்டு விழுந்த இடம் போகவில்லை. மகளை அங்கே அழைத்துச் செல்லுங்கள்.

மஞ்சை மாணவன்:

ஐயாவின் பதிவுக்கு நன்றி. வரலாறு படிக்கும் மாணவன் என்ற முறையில் ஓர் ஐயத்தை முன்வைக்கிறேன். 'குண்டும் குழியும்' என்று சொல்லும்போது குண்டு என்பது பள்ளத்தைக் குறிக்கிறது. கடற்கரையை ஒட்டிய தாழ்ந்த நிலத்துக்கு அந்தப் பொருளில் பெயர் வந்திருக்கக் கூடாதா? பீரங்கிக் கதை சுவையாக இருப்பதாலேயே எல்லாக் 'குண்டு'களையும் அதில் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும் ஆபத்து இருக்கிறது அல்லவா?

ஓய்வுபெற்ற நில அளவர்:

தம்பி, கேட்டது சரியே. பீரங்கியால் சுட்டு எல்லை வகுத்தது கம்பெனியின் ஆவணங்களில் இருக்கும் செய்தி. அதில் ஐயத்துக்கு இடமில்லை. குண்டு உப்பலவாடி என்ற பெயர் அதிலிருந்து வந்தது என்பது ஊரார் வழிவழியாகச் சொல்லி வருவது. இரண்டையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாதுதான். எனினும் பக்கத்தில் வெறும் உப்பலவாடியும் இருக்கிறது என்பதைக் கவனியுங்கள். இரண்டு உப்பலவாடிகளைப் பிரித்துச் சொல்ல ஊரார் எடுத்துக்கொண்ட அடையாளம் 'குண்டு' என்றால், அது அவர்கள் மறக்காத ஒன்றாக இருந்திருக்க வேண்டும். பள்ளம் அந்தப் பக்கம் எல்லா ஊரிலும் இருக்கிறது. என் சாய்வு பீரங்கிப் பக்கமே. அந்தச் சிறுமியின் நோட்டுப் புத்தகத்தில் உங்கள் ஐயத்தையும் ஒரு வரி எழுதச் சொல்லுங்கள்.

வண்டிப்பாளையத்தான்:

கோட்டையோடு ஊரின் கதை தொடங்கியதாக நினைத்துவிட வேண்டாம். எங்கள் பக்கம் வாருங்கள். கரையேறவிட்டகுப்பம் என்று ஓர் ஊர் இருக்கிறது. பெயரை ஒருமுறை நிதானமாகச் சொல்லிப் பாருங்கள். அதற்குள்ளேயே நடந்தது முழுவதும் இருக்கிறது. திருநாவுக்கரசரைக் கல்லோடு பிணைத்துக் கடலில் தள்ளச் செய்தான் பல்லவ மன்னன். அந்தக் கல்லே தெப்பமாக மிதந்து, அவரைத் திருப்பாதிரிப்புலியூர்ப் பக்கம் கொண்டுவந்து கரையேற விட்டது. கரையேறியவர் நேரே பாடலீசுவரர் கோயிலுக்குப் போய்ப் பாடினார். 'ஈன்றாளுமாய்' என்று தொடங்கும் அந்தப் பதிகத்தை எங்கள் பாட்டி விளக்கேற்றும்போதெல்லாம் சொல்லுவார். சித்திரை மாதத்தில் அப்பர் கரையேறிய விழா இன்றும் நடக்கிறது.

இங்கே வருகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி, 'கடல் எங்கேயோ இருக்கிறதே, இங்கே எப்படிக் கரையேறினார்?' என்பதுதான். எங்கள் பெரியவர்கள் சொல்லும் விடை, கெடிலம் அந்தக் காலத்தில் கோயிலுக்குத் தெற்கே, மலையடிவாரத்தை ஒட்டி ஓடியது என்பதாகும். இப்போது ஆறு கோயிலுக்கு வடக்கே, மஞ்சக்குப்பத்துக்கும் திருப்பாதிரிப்புலியூருக்கும் நடுவில் ஓடுகிறது. மழைக்காலத்தில் எங்கள் பக்கத்துத் தாழ்ந்த வயல்களில் நீர் தேங்கி நிற்கும் நீண்ட தடத்தைப் பார்க்கும்போது, ஆறு தன் பழைய படுக்கையை மறக்கவில்லை என்றே எனக்குத் தோன்றும்.

அடிவாரம் என்று நான் சொன்ன மலை கேப்பர் மலை. மலை என்று பெயரே தவிர, செம்மண் மேடுதான். இங்கே வாழ்ந்த ஓர் ஆங்கிலேயப் படை அதிகாரியின் பெயர் அதற்கு ஒட்டிக்கொண்டது. அந்தச் செம்பாறையை நகத்தால் கீறினால் பொடியாக உதிர்ந்து விரலில் குங்குமம்போல ஒட்டும். நிலவியல் படித்தவர்கள் அதைக் 'கடலூர் மணற்பாறை' என்று அழைக்கிறார்கள். நெய்வேலியில் பழுப்பு நிலக்கரியை மூடியிருப்பதும், திருவக்கரையில் கல்லாகிப்போன மரங்களைத் தாங்கி நிற்பதும் இந்தப் பாறை வகையே. நம் ஊரின் பெயர் உலகத்து நிலவியல் நூல்களில் இடம்பெறுவது கோட்டையாலன்று, இந்த மண்ணால்.

இதே மேட்டில்தான் 1783ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் பெரும்போர் நடந்தது. ஊருக்குள் புஸ்ஸியின் தலைமையில் பிரெஞ்சுப் படை; வெளியே ஸ்டூவர்ட்டின் தலைமையில் ஆங்கிலப் படை; கடலில் பிரெஞ்சுக் கப்பற்படையோடு சுஃப்ரேன் ஒரு பக்கமும் ஆங்கிலக் கப்பற்படையோடு எட்வர்டு ஹியூஸ் மறு பக்கமும். ஆங்கிலேயரின் போர்க் குறிப்புகளில் 'பண்டிபோலம் குன்றுகள்' என்று வருவது எங்கள் வண்டிப்பாளையம்தான் என்பதை நான் கண்டுகொண்ட நாளில் எனக்கு இரவெல்லாம் உறக்கம் வரவில்லை. ஜூன் 13 அன்று தரையிலும் 20 அன்று கடலிலும் போரிட்டு, இரண்டு பக்கமும் ஏராளமானோர் மடிந்த பிறகு, மாத இறுதியில் ஒரு கப்பல் செய்தி கொண்டுவந்தது: இரண்டு நாடுகளுக்கும் இடையே அந்த ஆண்டு ஜனவரி மாதத்திலேயே ஐரோப்பாவில் சமாதான உடன்பாடு கையெழுத்தாகிவிட்டது. ஐந்து மாதத்துக்கு முன்பே முடிந்துபோன பகைக்காக எங்கள் மேட்டில் அத்தனை பேர் செத்துக் கிடந்தார்கள். அவர்களில் பலர் கம்பெனிக்கும் பிரெஞ்சுக்காரர்களுக்கும் சிப்பாய்களாகப் போன நம்மவர்கள் என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் நெஞ்சு கனக்கிறது.

இன்னும் ஒன்று. 1865இல் இந்த மேட்டில் சிறைச்சாலை அமைந்தது. புதுச்சேரியில் பத்து ஆண்டுகள் அடைக்கலமாக இருந்த பாரதியார், 1918 நவம்பர் 20 அன்று ஆங்கில எல்லைக்குள் காலடி வைத்ததும் கைதானார். டிசம்பர் 14 அன்று விடுதலையாகும் வரை கடலூர்ச் சிறையில் இருந்தார். அப்பரும் பாரதியும் ஒரே மலையின் நிழலில் வந்து சேர்ந்தார்கள் என்பதை உங்கள் மகளிடம் சொல்லுங்கள், அம்மா.

முதுநகர்த் தோணி:

வண்டிப்பாளையத்து அண்ணனின் பதிவைப் படித்துவிட்டு, முதுநகர்க்காரன் சும்மா இருக்க முடியவில்லை. ஊரின் பெயரே எங்கள் பக்கத்திலிருந்து வந்தது. ஆறுகள் கூடும் இடம் கூடலூர். பரவனாறும் உப்பனாறும் கெடிலமும் கடலைத் தொடும் பகுதியில் ஒன்றையொன்று தேடி வந்து சேருகின்றன. கூடலூரை ஆங்கிலேயர் தம் நாவுக்கு ஏற்பத் திருத்தி எழுதினார்கள். பிறகு நாமும் கடல் இருக்கிறதே என்று கடலூர் ஆக்கிக்கொண்டோம்.

எங்கள் துறைமுகத்தில் பெரிய கப்பல் கரையை ஒட்டி வந்து நிற்காது. ஆழ்கடலில் நங்கூரம் போட்டு நிற்கும். தோணிகள் போய்ச் சரக்கை இறக்கிக்கொண்டு முகத்துவாரம் வழியாக உப்பனாற்றுக்குள் திரும்பும். என் தாத்தா அந்தத் தோணிகளில் ஒன்றில் வேலை செய்தவர். முகத்துவாரத்தில் மணல் மேடிட்டிருக்கும் நாளில், அலை ஏறும் நேரம் பார்த்துத் தோணியை உள்ளே விட வேண்டும். ஒரு நாழிகை தவறினால் தோணி மணலில் தட்டிப் புரண்டுவிடும் என்பார். ஆற்றுக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கும் சோனங்குப்பமும் சிங்காரத்தோப்பும் 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் எவ்வளவு இழந்தன என்பதை இந்த இழையில் இருப்பவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. குழந்தைக்கு அதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் அந்தக் கரையில் நின்று சொல்லுங்கள், வீட்டில் உட்கார்ந்து சொல்ல வேண்டாம்.

இந்த முதுநகரில் 1890இல் பிறந்தவர் அஞ்சலையம்மாள். 1927இல் சென்னையில், 1857 எழுச்சியைக் கொடூரமாக அடக்கிய ஆங்கிலப் படை அதிகாரி நீலின் சிலையை அகற்றக் கோரி நடந்த போராட்டத்துக்குத் தம் சிறு மகளையும் அழைத்துச் சென்று, இருவரும் சிறை சென்றார்கள். அந்தச் சிறுமிக்கு லீலாவதி என்று காந்தியடிகள் பெயர் சூட்டினார். பின்னொரு முறை காந்தியடிகள் கடலூருக்கு வந்தபோது, அஞ்சலையம்மாள் அவரைப் பார்க்கக் கூடாது என்று அரசு தடை போட்டது. அவர் பர்தா அணிந்துகொண்டு குதிரை வண்டியில் வந்து பார்த்துவிட்டுப் போனார். 1937இல் சட்டமன்றத்துக்கும் சென்றார். ஏழாம் வகுப்புப் பெண் எழுதும் நோட்டில் கிளைவுக்கு இரண்டு பக்கம் என்றால் அஞ்சலையம்மாளுக்கு நான்கு பக்கம் இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

புதுவைப் பக்கத்தவன்:

நான் தினமும் புதுச்சேரியிலிருந்து கடலூருக்கு வேலைக்கு வருகிறேன். வெளியூர்க்காரர்களுக்கு வியப்பூட்டும் இரண்டு செய்திகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒன்று, இந்தச் சாலை. கிருமாம்பாக்கம் புதுச்சேரி, ரெட்டிச்சாவடி தமிழ்நாடு, கன்னியக்கோயிலும் முள்ளோடையும் மறுபடி புதுச்சேரி, பிறகு கடலூர். பேருந்தில் ஒரு தூக்கம் போட்டு விழிப்பதற்குள் எல்லை பலமுறை மாறிவிடும். மேலே சொன்ன போர்கள் வரைந்துவிட்டுப் போன கோடுகள் அவை.

மற்றொன்று, இரயில். வெறுமனே 'கடலூர்' என்று ஒரு நிலையம் கிடையாது. ஒன்று திருப்பாதிரிப்புலியூர்; மற்றொன்று கடலூர் துறைமுகம் சந்திப்பு. என் திருமணத்துக்கு மதுரையிலிருந்து வந்த பெரியப்பா, பெயரில் கடலூர் இருக்கிறதே என்று துறைமுகத்தில் இறங்கிவிட்டார். மண்டபமோ திருப்பாப்புலியூர் (திருப்பாதிரிப்புலியூரைப் பேச்சில் அப்படித்தான் சொல்வோம்) பேருந்து நிலையத்துக்கு அருகில். வேட்டி மடிப்புக் கலையாமல் ஆட்டோவில் வந்து சேர்ந்தபோது தாலி கட்டி முடிந்திருந்தது. எங்கள் அப்பாவுக்கு அது கடைசிவரை குறையாகவே இருந்தது. இப்போது எங்கள் வீட்டு அழைப்பிதழ்களில் இறங்க வேண்டிய நிலையத்தின் பெயரைத் தடித்த எழுத்தில் அச்சிடுகிறோம்.

மஞ்சை மாணவன்:

இரயில் நிலையத்தின் பெயர் வந்ததால் சொல்கிறேன். திருப்பாதிரிப்புலியூர் என்பதில் இருக்கும் பாதிரி ஒரு மரம். அதுவே பாடலீசுவரர் கோயிலின் தலமரம். பாதிரியை வடமொழியில் பாடலி என்பார்கள். அதனால் இந்த ஊருக்குப் பாடலிபுத்திரம் என்றே ஒரு பெயர் வழங்கியது. கங்கைக் கரையில் மட்டுமே பாடலிபுத்திரம் இருந்ததாக நாம் படித்திருக்கிறோம். கெடிலக்கரையிலும் ஒன்று இருந்தது. சகம் 380இல், அதாவது கி.பி. 458இல், காஞ்சியை ஆண்ட சிம்மவர்மனின் 22ஆம் ஆட்சியாண்டில், உலகத்தின் அமைப்பைப் பற்றிக் கூறும் 'லோகவிபாகம்' என்ற சமண நூலைச் சர்வநந்தி என்ற முனிவர் இந்தப் பாடலிபுத்திரத்தில் இருந்து எழுதினார். அப்பர் சமணராக இருந்தபோது தருமசேனர் என்ற பெயரில் தலைமை ஏற்றிருந்த பள்ளியும் இதே ஊரில்தான் இருந்தது. அந்தப் பள்ளியைப் பல்லவ மன்னன் இடித்து, அந்தப் பொருள்களைக் கொண்டே திருவதிகையில் குணபர ஈச்சரத்தைக் கட்டினான் என்பது மரபு. இடிப்பதும், இடித்ததை எடுத்துக்கொண்டு போவதும் நம் ஊருக்கு 1758இல் புதிதாக வந்ததன்று.

எழுத்தாளர்களைப் பற்றி ஒருவரும் சொல்லவில்லையே! புதுமைப்பித்தன் 1906 ஏப்ரல் 25 அன்று பிறந்தது திருப்பாதிரிப்புலியூரில். தந்தையின் அரசு வேலை அந்தத் திருநெல்வேலிக் குடும்பத்தை இங்கே கொண்டுவந்திருந்தது. ஜெயகாந்தன் 1934 ஏப்ரல் 24 அன்று பிறந்தது மஞ்சக்குப்பத்தில். நடுவில் கெடிலம் மட்டும்தான். தமிழ்ச் சிறுகதையின் இரண்டு பெரும் பெயர்கள் ஒரே ஆற்றின் இரு கரைகளில், ஏப்ரல் மாதத்தின் அடுத்தடுத்த தேதிகளில் பிறந்தன என்பதைச் சொல்லும் ஒரு பலகைகூடப் பாலத்தில் நான் பார்த்ததில்லை.

கெடிலக்கரையாள்:

எல்லோருக்கும் நன்றி. உங்கள் பதிவுகளை அச்செடுத்துக்கொண்டு நேற்று இருவரும் கிளம்பினோம். முதலில் குண்டு உப்பலவாடி. ஊர்ப் பெயர்ப்பலகையின் கீழ் நின்று, தெற்கே தேவனாம்பட்டினம் இருக்கும் திசையைக் காட்டினேன். "இவ்வளவு தூரமா குண்டு வந்தது?" என்று கேட்டுவிட்டு, தரையைச் சுற்றும் முற்றும் பார்த்தாள். குண்டைத் தேடுகிறாள் என்று எனக்குப் புரிந்தது. டீக்கடையில் இருந்த ஒரு பெரியவர், தாம் சிறுவனாக இருந்தபோது தாமும் அப்படித் தேடியதாகச் சொன்னார்.

பிறகு கரையேறவிட்டகுப்பம் போனோம். அங்கே ஒரு வீட்டில் தண்ணீர் கேட்டோம். அந்த வீட்டு அம்மா சொன்ன ஒரு செய்தி எனக்கு வருத்தமாக இருந்தது. பொருள் வாங்கும் ஒரு செயலியில் முகவரி எழுதும்போது இவ்வளவு நீளமான பெயரை அது ஏற்றுக்கொள்வதில்லையாம். அதனால் பக்கத்தில் புதிதாக வந்த மனைப்பிரிவின் பெயரைப் போட்டுக்கொள்கிறார்களாம். அவருடைய பிள்ளைகள் பள்ளிச் சான்றிதழிலும் அந்தப் புதுப் பெயரே இருக்கிறது. அப்பர் கரையேறிய இடத்தைக் காட்டக் கல்லில் ஒரு சான்றும் நம்மிடம் இல்லை. அந்தப் பெயர் ஒன்றுதான் இருக்கிறது. அதையும் முகவரியிலிருந்து எடுத்துவிட்டால் அடுத்த தலைமுறை எதைப் பிடித்துக்கொண்டு கேட்கும்? எங்கள் தெருவில் உள்ளவர்களிடமும் இதையே சொல்லி வருகிறேன்: கடலூர்-1, கடலூர்-2, கடலூர்-3 என்று எழுதுவதோடு நிறுத்தாமல், பழைய ஊர்ப்பெயரையும் முழுதாக எழுதுங்கள்.

மகள் நோட்டின் முதல் பக்கத்தில் ஊர்ப்பெயர்களை மட்டும் வரிசையாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே யார் சொன்னது என்று குறித்திருக்கிறாள். 'பெயரில் இருப்பது', 'ஏட்டில் இருப்பது' என்று இரண்டு கட்டங்களும் போட்டிருக்கிறாள். அது மஞ்சை மாணவன் எழுப்பிய ஐயத்தால் வந்தது. அஞ்சலையம்மாளுக்கு இதுவரை மூன்று பக்கம் ஆகியிருக்கிறது. இன்னும் கேப்பர் மலை ஏறவில்லை. திருவந்திபுரமும் பாக்கி இருக்கிறது.

ஓய்வுபெற்ற நில அளவர்:

அம்மா, திருவந்திபுரத்தைத் தனி நாளாக வைத்துக்கொள்ளுங்கள். அங்கே கெடிலம் வடக்கு நோக்கித் திரும்பி ஓடுவதைக் குழந்தை கண்ணால் பார்க்க வேண்டும்; திசைகாட்டி ஒன்று என்னிடம் இருக்கிறது, தருகிறேன். தேவநாதப் பெருமாளுக்கு உப்பும் மிளகும் காணிக்கையாகச் செலுத்தும் வழக்கத்தையும் ஔஷதகிரிப் படிகளையும் அப்போது காட்டலாம். முகூர்த்த நாளாக இருந்தால் மட்டும் வேண்டாம். மணமக்கள் கூட்டத்தில் ஆற்றைப் பார்க்க முடியாது.

கேப்பர் மலைக்கு வரும் ஞாயிற்றுக்கிழமை நான் வருகிறேன். வண்டிப்பாளையத்துத் தம்பியும் வர இசைந்திருக்கிறார். காலை ஆறரை மணிக்குப் பாடலீசுவரர் கோயில் தேரடியில் கூடுவோம். எட்டரைக்கு மேல் வெயில் தாங்காது. தொப்பியும் தண்ணீரும் கொண்டுவாருங்கள். 1783இன் படை நிலைகளைக் குறித்த ஒரு பழைய வரைபடத்தின் நகலை எடுத்து வருகிறேன். அதில் நம் ஊர்ப்பெயர்களை எப்படி எழுதியிருக்கிறார்கள் என்று அந்தக் குழந்தையே படித்துச் சொல்லட்டும்.

முதுநகர்த் தோணி:

நானும் வருகிறேன். திரும்பும்போது எல்லோரும் முதுநகர் வந்து, எங்கள் வீட்டில் சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும். மூன்றாவது பக்கத்தோடு நிற்கும் அஞ்சலையம்மாளை அங்கே நான்காவது பக்கத்துக்குக் கொண்டுபோய்விடலாம்.